துண்டுக்குள் இறங்கிய விலை

எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆனபோது, என் கணவரின் வலது கையை என்னைவிட அதிகத் தடவை பிடித்திருந்த ஆள் ஒருவர் இருந்தார். கேரள எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் மாட்டுச் சந்தைத் தரகர். நாலு பேர் பார்க்க நான் அந்தக் கையைப் பிடித்தது கல்யாணத்தன்று ஒரே ஒரு முறை. தரகரோ அவர் மாடு வாங்கவும் விற்கவும் போன வாரமெல்லாம், பட்டப்பகலில், ஊரே சுற்றி நிற்கப் பிடித்தார். இதில் எனக்குப் பொறாமையே இருந்ததில்லை என்று சொன்னால் அது பொய்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவரும் தரகரும் கையோடு கை சேர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது நூறா பத்தா என்பது மாட்டைப் பார்த்தாலே இரண்டு பேருக்கும் தெரியும். வெளியே இரண்டு முகங்களும், மழை வருமா வராதா என்பதுபோல வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பேரம் முடிகிறவரை துண்டை யாரும் எடுக்கக் கூடாது. நடுவில் எடுப்பது, கட்டியிருக்கும் வேட்டியை உருவுவதற்குச் சமம்.

என் கணவருக்கு அடங்கின குரலில் பேச வராது. எங்கள் காட்டு வரப்பில் நின்றுகொண்டு ஆளைக் கூப்பிட்டால் கொழிஞ்சாம்பாறை பஸ் நிறுத்தத்தில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். தரகர் நேர் எதிர். வெற்றிலைச் சிரிப்பு, பஞ்சு மாதிரிக் குரல். கோபம் என்ற ஒன்று அந்த மனிதரின் உடம்பில் செய்யப்படவே இல்லை என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள். என் கணவர் அவரை "கள்ளப்பயலே" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் முகத்துக்கு நேராக. தரகர் அதற்கும் சிரிப்பார்.

"உங்க வாயால அதைக் கேக்காட்டி, சந்தைக்கு வந்த மாதிரியே இருக்கறதில்லீங்க" என்பார்.

இந்தத் தரகர் எங்கள் தலையில் ஒரு மாட்டைக் கட்டினார். பார்க்க மகாலட்சுமி. பால் கறக்க உட்கார்ந்தால் உதை. இரண்டு தடவை நான் உருண்டேன், மூன்று தடவை பால் செம்பு உருண்டது. "உனக்குக் கறக்கற பக்குவம் தெரியில புள்ள, தள்ளு" என்று என் கணவர் வீராப்பாக உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே விழுந்தது பாருங்கள் ஒரு உதை. அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் கொழிஞ்சாம்பாறை டாக்டரிடம் போனோம். எழுபதுகளின் தொடக்கம் அது. திருச்சூர்ப் பக்கத்திலிருந்து வந்த அந்த டாக்டர், தமிழையும் மலையாளத்தையும் ஒரே தட்டில் பிசைந்து பேசுவார்.

டாக்டர் காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, சும்மா இருக்காமல் கையிலும் ஒரு பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். பாதரசம் ஏறியது. டாக்டரின் புருவமும் கூடவே ஏறியது. இறக்கிவிட்டு இன்னொரு தடவை அடித்தார்.

"ப்ரஷர் நல்லவண்ணம் கூடுதலாயிட்டு உண்டு. தெவசமும் ஒரு குளிகை. ஒரு தெவசம்கூட முடக்கக் கூடாது. உப்பு குறைக்கணும். மனசிலாயோ?"

"காலு வலிக்குதுன்னு வந்தா, கையில காத்தடிச்சு நோவு கண்டுபுடிக்கறாரு" என்று வண்டி ஏறும்வரை என் கணவர் புலம்பினார். வீடு வந்து சேர்வதற்குள் குற்றவாளியையும் கண்டுபிடித்துவிட்டார். "அவன் வித்த மாடுதான் எனக்குப் பிரஷரைக் குடுத்துது."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது ராஜாங்கம். தோசை இன்னும் இரண்டு வேண்டுமென்றால், "எனக்குப் பிரஷர் இருக்குது." என் தம்பி வீட்டுச் சீருக்கு வர இஷ்டமில்லை என்றால், "எனக்குப் பிரஷர் இருக்குது." நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால், பட்டை கட்டின இடத்தை இடது கையால் தடவிக் காட்டுவார். நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டிருக்கிற ரகம் இல்லை. அந்த ஒரு வருஷம் நான் விழுங்கின பதில்களை எல்லாம் சேர்த்தால் ஒரு மூட்டை தேறும்.

இதில் பெரிய வேடிக்கை, டாக்டர் குளிகை என்று சொன்ன அந்த மாத்திரைதான். இது கோபக்காரர்களுக்கு வருகிற நோய் என்று அவர் தானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஆகவே கோபம் வருகிற நாளில் மட்டும் மாத்திரை. கேட்டால் நியாயம் வேறு பேசுவார்.

"ஏம்புள்ள, மாட்டுக்கு வயிறு ஊதினாத்தானே மருந்து ஊத்தறோம்? சும்மா நிக்கற மாட்டைப் புடிச்சு எவனாச்சும் தெனமும் ஊத்துவானா?"

மாடு கட்டுகிற எங்கள் கட்டுத்தரை அனுபவத்தில் அது சரிதானே. பக்கத்துக் காட்டுக்காரரோடு வரப்புச் சண்டைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்வார். "போட்டாச்சு. இனி எத்தன வேணும்னாலும் கத்தலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். சண்டை இல்லாத வாரத்தில் பொட்டலம் அப்படியே கிடக்கும். தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். நானும்தான் ஏமாந்தேன். நல்லாயிருக்கிற ஆளை எதற்கு நச்சரிப்பது என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

உப்பு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. குழம்பில் பாதி, ரசத்தில் கால்வாசி, மோரில் கிடையவே கிடையாது. அவர் முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டார். ஆகா, மனுசன் திருந்திவிட்டார் என்று நான் பூரித்துப் போனேன்.

அந்த உதைகால் மாட்டை ஒருவழியாகத் தள்ளிவிட்டு வேறு மாடு வாங்க வேண்டிய நாள் வந்தது. இந்தத் தடவை நானும் சந்தைக்கு வருவேன் என்று சொன்னேன்.

"பொம்பளைங்க சந்தைக்கு வந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரு வந்து பால் கறந்து குடுப்பாங்களா மாமா? ஒதை வாங்கறது நானு. மாட்டை நான் பாத்துத்தான் வாங்கோணும்."

பட்டை கட்டின இடத்தைத் தடவினார். நான் கண்டுகொள்ளாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வழி முழுக்க அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம். அன்றைக்கு அவர் மாத்திரை போடவும் இல்லை. என்னோடு போட்ட சண்டையை அவர் சண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சந்தையில் நான் ஒரு செவலை மாட்டைத் தேர்ந்தெடுத்தேன். மடியைத் தொட்டேன், காலைத் தட்டினேன், வாலைத் தூக்கினேன். திரும்பி என்னைப் பார்த்துவிட்டு அசை போட்டது. எனக்குப் பிடித்துப் போயிற்று. மாட்டுக்காரர் ஆனைமலைப் பக்கத்து ஆள். தரகர் பேசி முடிக்கட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார். தரகர் வந்தார், சிரித்தார், என்னைப் பார்த்து, "வாங்க அம்மிணி, இந்தச் சந்தைக்கு இன்னைக்குத்தான் களை வந்துதுங்க" என்றார். என் கணவர் "போதும் நடிப்பு, கள்ளப்பயலே" என்று கையை நீட்டினார். துண்டு விழுந்தது.

நான் இதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. துண்டு கொஞ்சம் அசையும். நிற்கும். மறுபடி அசையும். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை.

சற்று நேரத்தில் தரகரின் பார்வை வானத்திலிருந்து இறங்கியது.

"ஏனுங்க, இதென்னுங்க இது?" என்றார். "நாலைப் புடிச்சவரு மூணுக்கு வந்தீங்க, இப்ப ரெண்டுல நிக்கறீங்க. வெலை ஏறிப் பாத்திருக்கறேன். வாங்கறவரு எறங்கிப் பேசறத இப்பத்தானுங்க பாக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கணவர் புது வித்தை ஏதோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். அவர் ஏதோ பதில் சொன்னார். சொன்னது யாருக்கும் புரியவில்லை. களியை வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசினது மாதிரி இருந்தது. "காலங்காத்தால கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்துட்டாப்பல" என்று ஒருவர் சொன்னார். மறுபடியும் சிரிப்பு.

என் கணவர் கள் குடிக்க மாட்டார்.

அப்போதுதான் தரகர் அந்தக் காரியத்தைச் செய்தார். பேரத்துக்கு நடுவில், அத்தனை பேர் முன்னால், துண்டைப் பிடித்து இழுத்துத் தூர எறிந்தார். தரகரின் உள்ளங்கையில் என் கணவரின் கை கிடந்தது. பிடித்திருக்கவில்லை, சும்மா கிடந்தது. சுட்டுவிரலும் நடுவிரலும் மட்டும் தரகரின் இரண்டு விரல்களைத் தொட்டுக்கொண்டிருந்தன. மற்றவை விரிந்து போயிருந்தன.

"பதினாறு வருசமா நான் புடிக்கற கையிங்க அம்மிணி" என்றார் தரகர். "இது அந்தக் கையில்லீங்க."

பிறகு அவர் செய்ததெல்லாம் மாட்டைச் சோதிக்கிற மாதிரியே இருந்தது. "பல்லைக் காட்டுங்க" என்றார். என் கணவர் காட்டினார். இடது பக்கத்துப் பல் மட்டும்தான் தெரிந்தது. வலது பக்கம் உதடு தொங்கிக்கொண்டு மூடியிருந்தது. "ரெண்டு கையையும் மேல தூக்குங்க" என்றார். இடது கை போனது. வலது கை பாதி தூரம் போய், களைத்துத் தானாக இறங்கியது. கடைசியாக, "என்னைய எப்பவும் வைவீங்களே, அதைச் சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

என் கணவர் முயற்சி செய்தார். பதினாறு வருஷமாகக் கணீரென்று வந்துகொண்டிருந்த "கள்ளப்பயலே" அன்றைக்குக் குழைந்து கூழாகி வந்தது. எனக்கு அழுகை அங்கேதான் உடைந்தது. என் கணவர் ஒரு மனிதரைத் திட்ட முடியாமல் போனதற்காக நான் அழுதேன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் சோடா என்றார். ஒருவர் பித்தம் என்றார். ஒருவர், பொம்பளை சந்தைக்குள் கால் வைத்ததால் வந்தது என்றார். அந்த ஆளின் மீசையை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். பிடுங்கக் கை நீட்டினேன், அவர் நல்ல நேரம், தரகர் குறுக்கே நின்றார். "யாரும் தண்ணிகூடக் குடுக்காதீங்க, முழுங்க முடியாது, பொரையேறிக்கும்" என்று கோலி சோடாவையும் தடுத்தார். என் கணவரைப் புளியமரத்து நிழலில் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். தரகர் லாரி பார்க்க ஓடினார்.

அவர் லாரியோடு வருவதற்குள் இங்கே நிலைமை மாறியிருந்தது. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாய் நேராயிற்று. கை ஏறியது. என் கணவர் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல புள்ள, வெயிலு" என்று தெளிவாகச் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுற்றி நின்றவர்கள், பித்தம்தான் என்று நான்தான் சொன்னேனே என்றபடி கலைய ஆரம்பித்தார்கள்.

"அந்தத் துண்டை எடு. பேரத்தை முடிச்சிட்டு ஊட்டுக்குப் போலாம்" என்றார் என் கணவர்.

"ஆசுபத்திரிக்குப் போலாமுங்க" என்றார் தரகர்.

"அதுதான் செரியாப் போச்சல்லோ."

"எங்க அண்ணனுக்கும் இப்பிடித்தானுங்க. வந்துது, போச்சு. நாங்களும் சோடா வாங்கிக் குடுத்து ஊட்டுக்கு அனுப்பி வெச்சோம். மூணா நாளு மறுக்கா வந்துது." தரகர் கீழே கிடந்த துண்டைப் பார்த்தார். "அது போகுலீங்க."

நான் கெஞ்சினேன். அதட்டினேன். என் கணவர் பட்டை கட்டின இடத்தைத் தடவிக் காட்டினார். அந்தக் கையைப் பிடித்து இரண்டு போடலாமா என்று எனக்கு வந்தது. அவர் எழுந்து மாட்டைப் பார்க்கவே போய்விட்டார். நடையில் வலது கால் லேசாக மண்ணைத் தேய்த்தது. அவருக்கு அது தெரியவில்லை. எனக்கும் தரகருக்கும் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே கட்சி ஆனோம்.

தரகர் கீழே கிடந்த துண்டை எடுத்துத் தட்டினார். என் கணவரின் கைமேல் போட்டார். உள்ளே ஏதோ செய்தார். என் கணவரின் கண் அகலமாயிற்று.

"இதுக்கா?"

"இதுக்குத்தானுங்க. கடைசியா உங்க கை என்ன சொல்லுச்சோ, அந்த வெலை. மாட்டுக்காரருகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா இப்பவே, இந்த நிமிசமே லாரியில ஏறோணும்."

என் கணவர் சந்தேகத்தோடு தரகரைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாலுக்கு வாங்க வந்த மாடு இரண்டுக்குக் கிடைக்கிறது. பதினாறு வருஷத்தில் இந்தத் தரகரிடம் அவர் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. உயிர்ப் பயத்துக்கு அசையாத மனுசர் இதற்கு அசைந்தார்.

"மாடும் இதே லாரியில வரோணும்" என்றார். "நாம் போனதுக்கப்புறம் மாத்திப்போடுவான், கள்ளப்பய."

வார்த்தை கணீரென்று வந்தது. தரகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்படியாக, நாங்கள் ஆசுபத்திரிக்குப் போனது மாட்டு லாரியில். முன்னால் ஓட்டுகிறவர், நான், என் கணவர். பின்னால் செவலை மாடும் மற்ற மாடுகளும், அவற்றுக்கு நடுவில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு தரகரும். பாதி வழியில் என் கணவரின் வலது கை மறுபடி மரத்தது. இந்தத் தடவை அவருக்கே தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுகிறவர் பக்கத்தில் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"புள்ள, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லுங்க மாமா."

"கட்டுத்தரையில மாட்டுக்கு வெச்சிருக்கற உப்புச் சட்டி..."

"அதுக்கென்ன?"

"சாப்பாட்டுக்கு முந்தி அங்க போயி, ஒரு கல்லு எடுத்து மடியில கட்டீட்டு வருவேன்."

தவிட்டுக்கும் தண்ணீருக்கும் போட வைத்திருந்த கல்லுப்பு ஏன் மாதம் இரண்டு தடவை தீர்கிறது என்று ஒரு வருஷமாக எனக்குப் புரியாமல் இருந்தது. உதைகால் மாட்டைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன். பாவம் அது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இந்த மனுசரைக் கொன்றுபோட வேண்டும் என்று தோன்றியது, அதே சமயம் செத்துவிடக் கூடாது, செத்துவிடக் கூடாது என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை.

டாக்டர் வாசலில் லாரி நின்றதும் மாடுகள் எல்லாம் ஒரே குரலில் கத்தின. டாக்டர் வெளியே எட்டிப் பார்த்து, "மிருக ஆசுபத்திரி அங்கோட்டு" என்று கையைக் காட்டினார். நோயாளி முன் இருக்கையில் இருக்கிறார் என்று விளக்கி, இறக்கி, உள்ளே கொண்டுபோவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது.

கையில் பட்டையைக் கட்டினார். பாதரசம் போன இடத்தைப் பார்த்ததும் டாக்டர் மருந்து அலமாரிக்கு ஓடினார். ஊசி போட்டார். பிறகு கேட்டார், "குளிகை தெவசமும் சாப்பிட்டோ?"

"தேவைப்பட்டப்ப எல்லாம் சாப்பிட்டனுங்க" என்றார் என் கணவர்.

நான் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். கோபம் வந்தால்தான் மாத்திரை, வரப்புச் சண்டைக்கு முன்னால் ஒன்று, கட்டுத்தரை உப்பு என்று எல்லாவற்றையும். டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தவர், சுவரோரம் கைகட்டிச் சிரித்தபடி நின்ற தரகரைப் பார்த்தார்.

"இவருக்குக் கோபம் உண்டோ?"

"இந்தாளுக்கா? செருப்பைக் கழட்டி அடிச்சாலும் சிரிப்பானுங்க" என்றார் என் கணவர்.

"இங்கோட்டு வரூ" என்று டாக்டர் தரகரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பட்டையைக் கட்டினார். தரகர் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தார். பாதரசம் ஏறியது. என் கணவருக்கு நின்ற கோட்டைத் தாண்டியும் ஏறியது. டாக்டர் அதை எங்கள் மூன்று பேருக்கும் திருப்பிக் காட்டினார்.

"கண்டோ? கோபமில்ல, தலைவேதனையில்ல, ஒண்ணுமில்ல. ஆனா ப்ரஷர் உண்டு. அது ஒச்சையில்லாம, சத்தமில்லாம இருக்கும். அதினாலதான் தெவசமும் குளிகை. இன்னிக்கு வந்தது ஒரு அறிவிப்பு. எல்லார்க்கும் இது கிட்டாது."

தரகரின் சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றுபோய், எதற்கு இருக்கிறோம் என்று தெரியாமல் தவித்தது. அவருடைய அண்ணன் நினைவு வந்திருக்க வேண்டும். அந்த மனிதர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். என் கணவரோ வேறு விதமாக அடிபட்டிருந்தார்.

"அவனுக்கு என்னையவிடக் கூடுதலா?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். "மறுக்கா ஒருக்கா அடிச்சுப் பாக்கச் சொல்லு புள்ள."

அன்றைக்கே டாக்டர் எழுதிக் கொடுத்த கடுதாசியோடு பாலக்காட்டுப் பெரிய ஆசுபத்திரிக்குப் போய் ஒன்பது நாள் இருந்தோம். மாட்டைத் தரகர் எங்கள் கட்டுத்தரையில் கொண்டுபோய்க் கட்டி, அத்தனை நாளும் தவிடு வைத்தார். உப்புச் சட்டியை அவர் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். திரும்பி வந்தபோது என் கணவரின் பேச்சு, கால், கை எல்லாம் சரியாகியிருந்தன. வலது கைச் சுண்டுவிரல் மட்டும் மடங்க மறுத்தது. மற்ற நாலும் பிடித்தால் பிடித்ததுதான். சுண்டுவிரல் மட்டும், கூட்டத்தில் சேராத ஆள்போலத் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

அதற்குப் பிறகு மாட்டு வியாபாரம் இல்லாத வாரத்திலும் என் கணவர் சந்தைக்குப் போனார். இரண்டு பேரும் துண்டுக்கடியில் கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்துக்கொள்வார்களாம். மாதம் ஒரு தடவை அங்கிருந்து சேர்ந்து பஸ் ஏறி டாக்டரிடம் போய், யாருக்குப் பாதரசம் கீழே நிற்கிறது என்று போட்டி. தோற்கிறவர் காப்பி வாங்கித் தர வேண்டும். "இந்த மாசமும் அவனைச் செயிச்சுட்டேன்" என்று என் கணவர் வந்து நிற்கும்போது, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி இருப்பார். மாத்திரை ஒரு நாள் தவறவில்லை. அவருக்கு உயிர்மேல் வந்த ஆசை அல்ல அது, தரகரிடம் தோற்கக் கூடாது என்ற வீம்பு. எதுவாக இருந்தால் எனக்கென்ன?

ஆனால் சந்தை வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற ஆறு நாள் அந்தக் கைக்கு யார் பொறுப்பு? என் கணவரிடம் நேராகக் கையைக் காட்டச் சொன்னால் காட்ட மாட்டார். "நானென்ன நோயாளியா?" என்று குதிப்பார். அதனால் நான் ஒரு வேலை செய்தேன். ஒரு நாள் காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, அவர் தோளிலிருந்த துண்டை உருவி எங்கள் இரண்டு கைகள்மேலும் போட்டேன்.

"என்ன புள்ள இது?"

"பேரம். இன்னைக்குச் சோத்துக்கு எத்தனை ஊறுகாய்த் துண்டு வேணும்? வாயால சொல்லப்படாது."

அவர் முகம் மலர்ந்தது. உடனே வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. உள்ளே என் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். நான் என் விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டேன். அவர் விடாமல் இறுக்கினார். அவர் எவ்வளவு இறுக்குகிறார் என்பதுதானே எனக்கு வேண்டியது. கட்டைவிரல் சரி. சுட்டுவிரல் சரி. நடுவிரல், மோதிரவிரல் சரி. அவர் ஊறுகாய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் என் புருஷன் இன்னும் முழுசாக இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல மாதம் இப்படி நடந்தது. தினமும் ஐந்தில் ஆரம்பிப்பார், தினமும் வெறுங்கையோடு எழுந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும், உப்புப் போகத் தண்ணீரில் மூன்று தடவை அலசின வடுமாங்காய் ஒன்று கொடுப்பேன். அதில் மாங்காய் என்ற பெயரைத் தவிர ஒன்றும் மிச்சம் இருக்காது. காம்பு வரைக்கும் சப்பிச் சாப்பிடுவார். என் தந்திரம் அவருக்குத் தெரியாது என்றே நான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் அடுப்பில் பால் பொங்குகிற அவசரம். மாத்திரையை வைத்துவிட்டுத் திரும்பினேன். துண்டு வந்து என் கைமேல் விழுந்தது.

"பாத்துட்டுப் போ" என்றார்.

உள்ளே அவர் நாலு விரலால் என் கையை அழுத்திப் பிடித்தார், எனக்கு வலிக்கிற அளவுக்கு. பிறகு அந்த வீம்புக்காரச் சுண்டுவிரலை, நெற்றியில் வியர்வை அரும்ப, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து என் சுண்டுவிரலைத் தொட்டார். பிடிக்க முடியவில்லை. தொட்டார்.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. இருந்தாலும் அந்த ஒரு விரலுக்கு நான் ஒரு வடுமாங்காய் கொடுத்தேன். இரண்டு தடவை மட்டும்தான் அலசினேன்.